பழுதும் பாடமும்



'பிழை செய்யாதவர் யார்?' என்று கேட்பது நம்மவர் வழக்கம். அவ்வாறு கேட்கும்போது நாம் பெரும்பாலும் நம் பிழைக்கு மன்னிப்பைத் தேடுகிறோம். அப்பிழை நமக்கு என்ன கற்பிக்கிறது என்று கேட்பவர் சிலரே. வீட்டில் இருந்த ஒரு கணிப்பொறி பழுதுற்றபோது நான் வரிசையாகச் செய்த பிழைகளையும், அவற்றால் நான் அடைந்த பாடத்தையும் இன்று உங்களிடம் கூறலாம் என்று எண்ணுகிறேன்.

நான் கணிப்பொறி கற்ற அறிஞன் அல்லேன். நெய்வேலியில் சுரங்கத்து நீரை இறைக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பதே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழிலாக இருந்தது. நெய்வேலியில் பம்பு என்றால் கழனிக்கு நீர் பாய்ச்சும் பம்பு போன்றதன்று. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் நீர்த்தேக்கம் ஒன்று அழுத்தத்தோடு அடங்கிக் கிடக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்நீர் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும். சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். ஆதலால் சுற்றிலும் ஆழ்குழாய்களை இறக்கி, இரவு பகல் என்று பாராமல் நீரை இறைத்து அவ்வழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். பம்பு நின்றால் நிலம் காத்திராது. அத்தகைய இடத்தில் வேலை செய்தவன், தன் வீட்டில் ஒரு சிறு பெட்டி நின்றபோது எப்படி நடந்துகொண்டான் என்பதே இந்தக் கதை.

நெய்வேலியே பிழையிலிருந்து கற்ற ஊர் என்று சொல்லத் தோன்றுகிறது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். மண்ணை அகழ்வதற்கு ஜெர்மனியிலிருந்து சக்கர வடிவான பெரிய அகழ்வு எந்திரங்கள் வந்தன. அந்நாட்டின் மென்மையான மண்ணில் பழகிய எந்திரங்கள் அவை. நம் கடலூர் மணற்பாறையோ கடினமானது. உப்புத்தாள்போல உராயும் தன்மை உடையது. எந்திரத்தின் பற்கள் விரைவில் தேய்ந்து மொட்டையாயின. 'எந்திரம் கெட்டதா, மண் கெட்டதா?' என்று பொறியாளர்கள் வழக்காடிக்கொண்டு நிற்கவில்லை. பல்லின் வடிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். உலோகத்தை மாற்றிப் பார்த்தார்கள். முன்கூட்டியே வெடி வைத்து மண்ணைத் தளர்த்தி, அதன் பின்னர் எந்திரத்தைச் செலுத்தினார்கள். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. 1962-இல் மின்சாரமும் பிறந்தது. நான் பணியில் சேர்ந்த நாளில் மூத்த தொழிலாளர்கள் இவற்றையெல்லாம் தாங்கள் நேற்றுச் செய்த காரியம்போலச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன்; கற்றுக்கொண்டேன் என்று சொல்ல இயலவில்லை.

2004-ஆம் ஆண்டு எங்கள் வீட்டிற்குக் கணிப்பொறி வந்தது. நகரியத்தில் எங்கள் வட்டத்தில் அப்போது நாலைந்து வீடுகளில் அது இருந்தது. என் மகன் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய படிப்பிற்காக என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் என் மனத்தில் வேறொரு நோக்கமும் இருந்தது. என் தாயார் விருத்தாசலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பாடத் தெரிந்தவர். 1991-இல் அவர் பாடிய பதினொரு பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தேன். 1996-இல் அவர் மறைந்தார். நாடாவில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அப்பாடல்களைக் கணிப்பொறிக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு, இனி இது எதற்கு என்று நாடாக்களைக் குப்பையில் எறிந்துவிட்டேன். என் முதற்பிழை அதுவே. ஆனால் அப்போது அது பிழையாகத் தோன்றவில்லை. வீட்டைச் சுத்தம் செய்ததாகத் தோன்றியது.

2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். மழை தொடங்கிய சமயம். கணிப்பொறி திடீர் திடீரென்று நின்றது. நீலத் திரை தோன்றும். வெள்ளை எழுத்துக்களில் ஏதோ அறிவிப்பு வரும். பிறகு தானே அணைந்து மறுபடி தொடங்கும். சில நாள் ஒரு மணி நேரம் ஓடும். சில நாள் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். நான் அந்த அறிவிப்பை ஒருமுறையேனும் படிக்கவில்லை. என் மகன் நண்பர்களிடமிருந்து விளையாட்டுத் தட்டுகளை வாங்கிவந்து போடுவது எனக்குத் தெரியும். ஆகவே தீர்ப்பை உடனே எழுதிவிட்டேன்.

"எந்தத் தட்டைப் போட்டாய்? வைரஸ் வந்துவிட்டது. நான் உழைத்து வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டாயே!" என்றேன்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, அப்பா" என்றான்.

"பொய் வேறு சொல்கிறாயா?" என்றேன்.

அவன் அதற்கு மேல் பேசவில்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "தெரியாமல் பிள்ளையை ஏன் வைகிறீர்கள்?" என்றாள். நான் அவளுக்கும் விடை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வைரஸை ஒழிக்கிறேன் என்று வன்தட்டை முழுதும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவ முற்பட்டேன். பாதி வழியில் 'இந்தக் கோப்பைப் படி எடுக்க முடியவில்லை' என்ற செய்தி வந்தது. மறுபடி தொடங்கினேன், மறுபடியும் அதுவே, ஆனால் வேறொரு கோப்பில். இடம் மாறி மாறி வரும் பிழை மென்பொருளின் குறையாக இருப்பது அரிது; உறுப்புகளில் ஏதோ ஒன்று தள்ளாடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இன்று எனக்கு அது தெரியும். அன்று நான் தட்டைத் துடைத்துத் துடைத்து நான்கு முறை முயன்றேன். நான்காம் முறை முயலும்போதுதான் நெஞ்சில் ஓர் இடி விழுந்தது. அம்மாவின் பாடல்கள் அந்த வன்தட்டில் அல்லவா இருந்தன!

இங்கே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். வன்தட்டில் ஒன்றை அழித்துவிட்டால் அது அந்தக் கணமே மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அதன்மேல் வேறொன்றை எழுதும்போதுதான் பழையது உண்மையாக அழிகிறது. அழித்ததை உணர்ந்தவுடன் கை எடுத்துவிட்டால் மீட்பதற்கு வழி உண்டு. நானோ ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை எழுதியிருந்தேன். அன்றிரவு இதை யாரிடமும் சொல்லவில்லை. மகனைத் திட்டியவன், தான் செய்ததைச் சொல்ல அஞ்சினேன்.

மறுநாள் கணிப்பொறி முற்றிலும் நின்றது. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுத்துக் கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப்... பீப்...' என்று நீண்ட ஒலி விட்டு விட்டு எழுந்தது. அக்கம்பக்கத்தார் கேட்பார்களே என்று எனக்கு வெட்கம். பெட்டியைத் திறந்து, அந்தச் சிறிய ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அலறல் நின்றது, என் மனமும் அமைதியடைந்தது. நோயாளி வலியால் கத்தினால் அவன் வாயைத் துணியால் அடைக்கும் வைத்தியரை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

அதன் பின்னர் என் கைகளுக்கு ஓய்வே இல்லை. மின்சாரப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். என்பார்களே, அதுதான் கெட்டிருக்கும் என்று ஊகித்து, மெயின் பஜாருக்குச் சென்று புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். பயனில்லை. வன்தட்டின் பட்டைக் கம்பியைக் கழற்றி மாட்டினேன். தாய்ப்பலகையில் இருந்த சிறிய மின்கலத்தை எடுத்துப் பார்த்தேன். எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. சுவரில் செருகியிருந்த மின்கம்பியையும் பிடுங்கவில்லை. இத்தகைய பெட்டிகளில், அணைத்துவிட்டாலும் ஐந்து வோல்ட் மின்சாரம் தாய்ப்பலகையில் நின்றுகொண்டே இருக்கும். அந்நிலையில் உறுப்புகளைக் கழற்றி மாட்டினால் நல்ல உறுப்பும் கெடும். மூன்று நாளில் எண்ணூறு ரூபாய் செலவு. கண்ட பயன் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் எனக்கு இரவுப் பணி. நள்ளிரவு கடந்து ஒரு பம்பு நின்றுவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் போனதும் போகாததுமாகப் பெட்டியின் கதவைத் திறக்கக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பற்றித் தடுத்தேன்.

"தம்பி, முதலில் தொடாதே, பார். எத்தனை மணிக்கு நின்றது? நிற்கும்போது ஏதாவது சத்தம் கேட்டதா? எந்த ரிலே விழுந்திருக்கிறது? எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுது. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, 'ஆட்கள் வேலை செய்கின்றனர்' என்ற பலகையை மாட்டு. பிறகு மெக்கர் வைத்துச் சுருளின் காப்பு எப்படி இருக்கிறது என்று அளந்து பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால், எதனால் சரியாயிற்று என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றேன்.

சொல்லி முடித்தபோது என் சொல்லே என்னைச் சுட்டது. ஊருக்கு உபதேசம் செய்யும் இந்த மனிதன்தானே மூன்று நாளாக வீட்டில் கூத்தாடினான்? தொழிற்சாலையில் அணியும் அறிவை நான் வாயிலில் தொப்பியோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். காரணத்தையும் உணர்ந்தேன். பம்பு நின்றால் எனக்குக் கோபம் வருவதில்லை; அங்கே நான் குற்றவாளியைத் தேடுவதில்லை. வீட்டிலோ முதல் நாளே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். குற்றவாளி கிடைத்த பிறகு காரணத்தைத் தேடுவார் யார்?

காலையில் வீடு திரும்பியதும் மகனை அழைத்தேன். "நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். நான் சொல்வதை நீ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா" என்றேன். அவன் ஐயத்தோடுதான் வந்து உட்கார்ந்தான்.

முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போகும்படி பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டோம். இன்றியமையாத உறுப்புகள் தவிர மற்றவற்றைக் கழற்றி வைத்தோம். ஒவ்வொன்றையும் கழற்றும்போது அவன் படம் வரைந்துகொண்டான். நான் பிடுங்கிய ஒலிபெருக்கிக் கம்பியை மீண்டும் மாட்டினோம். மின்சாரம் கொடுத்தோம். அதே 'பீப்... பீப்...'

"அப்பா, இந்தச் சத்தத்திற்கு அர்த்தம் இருக்குமோ?" என்றான் மகன். தாய்ப்பலகையோடு வந்த கையேட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்தான். இரண்டு ஆண்டுகளாக அது உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. அதில் ஒரு பட்டியல். நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நினைவகத்தில் குறை என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நோய் இன்னதென்று நோயாளியே முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க, நான் வாயை அடைத்துவிட்டு ஊரெல்லாம் மருந்து தேடினேன்!

மீண்டும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு நினைவகப் பலகையை, ராம் என்று கடையில் கேட்கிறோமே அதை, கழற்றிப் பார்த்தோம். சிறு பலகை. அதன் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பட்டைகள் இருக்கும். அவை களிம்பேறி மங்கிக் கிடந்தன. பொருத்தும் பள்ளத்தில் ஈரப்புழுதி அப்பியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் ரப்பரால் மகன் அப்பட்டைகளை மெல்லத் தேய்த்தான். உதிர்ந்த தூளை ஓவியத் தூரிகையால் தட்டினான். மீண்டும் பொருத்தி அழுத்தினோம். மின்சாரம் கொடுத்தவுடன் ஒரே ஒரு குறுகிய ஒலி எழுந்தது. திரையில் ஒளி வந்தது. இரண்டு ரூபாய் ரப்பர் செய்த வேலை அது.

ஆனால் அத்தோடு முடியவில்லை. வன்தட்டைக் காணவில்லை என்று திரை சொல்லிற்று. மகன் குனிந்து பார்த்தான். "பட்டைக் கம்பியில் சிவப்புக் கோடு உள்ள பக்கம் முதல் ஊசிக்கு நேராக இருக்கவேண்டும், அப்பா. தலைகீழாக மாட்டியிருக்கிறது" என்றான். மாட்டியவன் நான். பழைய பழுது ஒன்று. அதைத் தேடும் அவசரத்தில் நானே உண்டாக்கிய புதிய பழுது மற்றொன்று. அனுபவசாலிகளைக் கேட்டுப் பாருங்கள்: பழுது பார்க்கும் நேரத்தில் பாதி, பழுது பார்க்கப் போனவர் செய்த பழுதைப் பார்ப்பதிலேயே போகும் என்பார்கள்.

நினைவகத்தில் ஈரமும் புழுதியும் சேர்ந்தது எப்படி? அந்த ஆண்டுக் கோடையில், 'பெட்டி சூடாகிறது, காற்றாடட்டும்' என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவன் நான். சன்னலுக்கு அடியில் அதை வைத்தவனும் நான். கோடை முழுதும் தெருப் புழுதி உள்ளே படிந்தது. மழை வந்ததும் சாரல் அதை ஈரமாக்கிற்று. நாங்கள் எழுதிய நோட்டில் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் மகன் எதையும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நான் நோட்டை வாங்கி, 'தகட்டைக் கழற்றியது. செய்தவர்: அப்பா' என்று என் கையால் எழுதினேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீ விளையாட்டுத் தட்டுப் போட்டதால் கெடவில்லை. உன்னைத் திட்டியது தவறு" என்றேன். பிறகு மிகவும் முயன்று மற்றதையும் சொன்னேன். "பாட்டியின் பாட்டெல்லாம் போய்விட்டது. நான்தான் அழித்தேன்."

அவன் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்த் தன் புத்தக அடுக்கிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்து வந்தான். முந்தைய ஆண்டு தமிழாசிரியர் நாட்டுப் பாடல்களைத் திரட்டி வரச் சொன்னாராம். தாலாட்டும் நடவுப் பாட்டுமாக ஏழு பாடல்களை அதில் படி எடுத்துக் கொண்டுபோயிருந்தான். ஏழும் நலமாக இருந்தன. எஞ்சிய நான்கும் ஒப்பாரிகள். பள்ளிக்கூடத்தில் ஒப்பாரி வேண்டாம் என்று விட்டுவிட்டானாம். என் தாயார் தம் தாயாருக்காகப் பாடிய ஒப்பாரி அந்த நான்கில் ஒன்று. அதில் இரண்டொரு வரிகள் என் நினைவில் உண்டு, மெட்டு இல்லை. யாரைத் திட்டினேனோ அவனால் ஏழு பிழைத்தன. திட்டியவனால் நான்கு போயின.

நேயர்களே! பிழைகளைப் பதிந்து வைப்பது இழிவன்று. கணிப்பொறியின் வரலாற்றிலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் இரண்டு என்னும் கணிப்பொறி தடுமாறியது. தேடிப் பார்த்தபோது ஒரு ரிலேயின் இடையில் விட்டில் பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அங்கிருந்தவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, அந்தப் பூச்சியையே ஒட்டி வைத்தார்கள். பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே உண்டு. அன்றோ சொல்லில் இருந்த பூச்சி மெய்யாகவே கிடைத்துவிட்டது. அந்த ஏடு இன்றும் அந்நாட்டுத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணிப்பொறியை அமைத்த மாரிஸ் வில்க்ஸ் என்ற பேரறிஞர், தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம்முடைய நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று 1949-இல் ஒருநாள் படியேறும்போது உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அத்தகையவர்களே தம் பிழையை ஏட்டில் எழுதத் தயங்கவில்லை என்றால், நமக்கு என்ன தயக்கம்?

என் அனுபவத்தில் கண்டவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். முதலாவது, விலைமதிப்பற்றது எதுவோ அதற்கு இரண்டு படிகளேனும் இருக்கட்டும். அவையும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். இரண்டாவது, தொடுமுன் பாருங்கள், திரை சொல்வதைப் படியுங்கள், ஒலியைக் கேளுங்கள். மூன்றாவது, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே கை வையுங்கள். மின்சாரப் பெட்டியை மட்டும் எக்காரணத்திற்கும் நீங்களே பிரிக்கவேண்டாம். துண்டித்த பிறகும் அதனுள் உயர்ந்த மின்னழுத்தம் தங்கியிருக்கும். நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். ஐந்தாவது, 'யார் செய்தது?' என்ற கேள்வியை நாக்கின் நுனியிலேயே நிறுத்திவிட்டு, 'எப்படி நேர்ந்தது?' என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு விடை சொல்ல எவரும் அஞ்சுவர். அஞ்சுகிறவர் உண்மையை மறைப்பர். நானே மறைத்தேன் அல்லவா?

அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கணிப்பொறி போய்விட்டது, அதற்குப் பின் வேறு இரண்டு வந்தன. என் மகன் இப்பொழுது வெளியூரில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வரும்போது, அவன் பிள்ளை ஏதாவது ஒரு பொருளைக் கீழே போட்டு உடைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்து ஒளிந்துகொள்ளும். மகன் குரலை உயர்த்த வாயெடுப்பான். நான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அவனும் பார்ப்பான். பிறகு குழந்தையின் அருகில் உட்கார்ந்து, "எப்படி விழுந்தது, சொல்லு" என்று கேட்பான்.